எதற்குப் பதிலாக? செயற்கை இனிப்பூட்டிகளும் உடல் எடைக் குறைப்பும்

முன்னுரை

உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. இது நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை என்றும், ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்றும் அந்த ஆவணமே வரையறுக்கிறது. பரிந்துரைக்கு அடித்தளமான ஆய்வுத் தொகுப்பில் இரு முடிவுகள் எதிரெதிராக நிற்கின்றன. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய சோதனைகளில், இனிப்பூட்டி உட்கொண்டவர்களின் எடை சராசரியாக 0.71 கிலோ குறைவாக இருந்தது. மக்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலோ, அதிகம் உட்கொண்டோருக்கு உடற்பருமன் ஏற்படும் வாய்ப்பு 76 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. இனிப்பூட்டி எதன் இடத்தைப் பிடிக்கிறது, அதை நாடுவோர் யார் என்ற இரு கேள்விகளையும் ஒதுக்கிவிட்டுப் படிப்பதால்தான் இம்முரண் தீராததாகத் தோன்றுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சர்க்கரையின் இடத்தில்

நெதர்லாந்தில் 641 பள்ளிச் சிறுவர்களிடம் நடத்தி 2012இல் வெளியான சோதனை இத்துறையில் வலுவான சான்று. ஒரு பிரிவினர் நாள்தோறும் 250 மில்லி சர்க்கரைப் பானமும், மறு பிரிவினர் அதே அளவு இனிப்பூட்டி கலந்த பானமும் 18 மாதங்கள் அருந்தினர். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. சர்க்கரைப் பிரிவின் எடை சராசரியாக 7.37 கிலோ கூடியது. மற்றப் பிரிவில் 6.35 கிலோ. நாளொன்றுக்கு 104 கலோரி வேறுபாடு ஏறத்தாழ ஒரு கிலோவாக வெளிப்பட்டது. குறைந்த கலோரியை உடல் வேறு உணவால் முழுமையாக ஈடுகட்டிவிடும் என்ற கருத்து இங்கே நிற்கவில்லை.

விலகும் சர்க்கரை குறைவென்றால் பயனும் குறைவு. சென்னையில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 179 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், காபி, டீக்குப் போடும் சர்க்கரைக்குப் பதிலாக 12 வாரங்கள் சுக்ரலோஸ் என்ற இனிப்பூட்டி தரப்பட்டது. எடைக் குறைவு சுமார் 0.3 கிலோ மட்டுமே. இதில் வியப்பில்லை. நாளுக்கு இரண்டு காபி, ஒவ்வொன்றிலும் 10 கிராம் சர்க்கரை என்று கொண்டாலும் மிச்சமாவது 80 கலோரிதான்.

தண்ணீரின் இடத்தில்

தண்ணீரோடு ஒப்பிட்டால் படம் மாறுகிறது. அமெரிக்காவில் 318 பேரிடம் ஆறு மாதம் நடந்த ஒரு சோதனையில், இனிப்பூட்டிப் பானம் அருந்தியோர் 2.5 விழுக்காடும், தண்ணீர் அருந்தியோர் 2.03 விழுக்காடும் எடை இழந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. டெஹ்ரானில் எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்த பெண்களில் தண்ணீர்ப் பிரிவினர் 24 வாரங்களில் 8.8 கிலோவும், பானப் பிரிவினர் 7.6 கிலோவும் குறைத்தனர். கொலராடோவை மையமாகக் கொண்ட ஓராண்டுச் சோதனையோ இதைத் தலைகீழாக்கியது: பானப் பிரிவில் 6.21 கிலோ, தண்ணீர்ப் பிரிவில் 2.45 கிலோ. இதற்கு நிதி அளித்தது அமெரிக்கப் பானத் தொழிலமைப்பு. நிதி எங்கிருந்து வந்தது என்பது மட்டுமே ஒரு முடிவைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் சார்பற்ற நிதியில் அது மீண்டும் கிடைக்கும்வரை அதன்மேல் கொள்கை வகுப்பது முறையன்று.

அறிந்து அருந்துவோர்

கவனிப்பு ஆய்வுகளின் 76 விழுக்காட்டை எப்படிப் புரிந்துகொள்வது? எடை கூடத் தொடங்கியவரும் குடும்பத்தில் நீரிழிவைக் கண்டு அஞ்சியவருமே பெரும்பாலும் இனிப்பூட்டிக்கு மாறுகின்றனர். இங்கே பருமன் விளைவாக அல்லாமல் காரணமாக இருக்கலாம். ஆய்வாளர்கள் தொடக்க எடையைக் கணக்கில் கொண்டு சரிசெய்தாலும் இந்தச் சாய்வு முழுவதும் நீங்குவதில்லை.

இதற்காக அவ்வாய்வுகளை அடியோடு தள்ளுவதும் பிழை. நெதர்லாந்துச் சிறுவர்கள் தாம் அருந்துவது எது என்று அறியாதவர்கள். ஆகவே அச்சோதனை பொருளின் விளைவை மட்டுமே அளந்தது. அன்றாட வாழ்வில் நாம் அறிந்தே அருந்துகிறோம். ‘சர்க்கரை போடாத காபிதானே’ என்ற நிறைவில் கூடுதலாக இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டால் மிச்சமான கலோரி அங்கேயே தீர்ந்துவிடும். மறைத்து நடத்தும் சோதனையில் இந்த மனநிலைக்கு இடமில்லை.

இனிப்பூட்டிகள் அனைத்தும் ஒன்றல்ல என்பதும் கருதத்தக்கது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் 12 வாரச் சோதனையில் (2019) சர்க்கரை உட்கொண்டோரைப் போலவே சாக்கரின் என்ற இனிப்பூட்டி உட்கொண்டோருக்கும் எடை கூடியது. சுக்ரலோஸ் பிரிவில் கூடவில்லை. எனவே, எல்லாவற்றையும் ஒரே தலைப்பின்கீழ் கூட்டிச் சராசரி காண்பது தெளிவுக்கு உதவாது.

முடிவுரை

செயற்கை இனிப்பூட்டிக்கு எடையைக் குறைக்கும் ஆற்றல் கிடையாது. சர்க்கரையை விலக்கும்போது, விலகிய கலோரியின் அளவுக்கே அது உதவுகிறது. நாள்தோறும் சர்க்கரைப் பானம் அருந்துபவருக்கு இது பொருட்படுத்தத்தக்க உதவி. காபியில் அரைக் கரண்டி போடுபவருக்குப் பெயரளவிலானது. தண்ணீர் அருந்திப் பழகியவருக்குத் தேவையற்றது. அது நேரடியாக எடையைக் கூட்டுகிறது என்ற கூற்றுக்கும் இதுவரையுள்ள சான்று போதாது. இனிவரும் ஆய்வுகள் எந்த இனிப்பூட்டி, எதற்குப் பதிலாக, அருந்துபவர் அறிந்தா அறியாமலா என்ற மூன்றையும் தனித்தனியே பிரித்து அளந்தாக வேண்டும்.