யாழ்ப்பாணச் சைக்கிள்: பலவகை நிலத்தில் அதன் ஓட்டம்

யாழ்ப்பாணச் சைக்கிள் என்று இக்கட்டுரை குறிப்பது, 28 அங்குலச் சில்லும் இரும்புச் சட்டமும் கம்பிப் பிறேக்கும் கொண்ட, கியர் இல்லாத, பாரமான மிதிவண்டியை. இங்கிலாந்தின் றலி, ஹம்பர், ரட்ஜ், ஹேர்குலிஸ் ஆகியவை முதலில் வந்தன. பிறகு இந்தியாவின் ஹீரோவும் அட்லஸும், இலங்கையின் லுமாலாவும் சேர்ந்தன. பெயர்கள் மாறினாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். தீபகற்பத்தில் சைக்கிளை ஓட்டுவதைவிட உழக்குவதே பெருவழக்கு. அந்தச் சொல்லில் கால் படும் பாடும் அடங்கியிருக்கிறது.

இவ்வண்டி ஆங்கிலேய நாட்டு வீதிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அதற்குக் கிடைத்த நிலம் வேறு.

நிலம்

தீபகற்பம் சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடக்கும் தட்டையான தரை. மலை இல்லை. ஆறு என்று சொல்ல, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இங்கே சைக்கிளுக்கு என்ன சோதனை என்று தோன்றும். உழக்கிப் பார்த்தவருக்கு அப்படித் தோன்றாது. யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 33 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்குள் தார் வீதி, கல்லுப் பெயர்ந்த வீதி, வேலிக்கு வேலி ஒடுங்கும் ஒழுங்கை, செம்மண் தோட்டப் பாதை, காற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத உவர்வெளி எல்லாம் வந்துவிடும். பருத்தித்துறையிலிருந்து தெற்கே வடமராட்சி கிழக்குக்குத் திரும்பினால் மணல் தொடங்குகிறது. தீவகத்துக்குப் போகிறவருக்குக் கடலை ஊடறுக்கும் தாம்போதிகள் காத்திருக்கின்றன.

அமைப்பு

பாரம் 18 முதல் 22 கிலோ வரை. விளிம்பின் விட்டம் 635 மில்லிமீற்றர், ரயரின் அகலம் ஒன்றரை அங்குலம். முன்பல்லில் 44 பற்களும் பின்பல்லில் 18 பற்களும் உள்ள வண்டியில் பெடல் ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் முன்னே போகும். ஏற்றமான ஊரில் இந்த ஒற்றைக் கணக்கோடு காலம் தள்ள முடியாது. கண்டியிலோ நுவரெலியாவிலோ இதே வண்டியைப் பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்பது பாலத்தின் முதுகு மட்டுமே என்பதால் அந்த ஒற்றைக் கியர் போதுமானதாயிற்று.

முன்கவை நன்றாகச் சாய்ந்து நீண்டிருக்கும். சில்லுகளுக்கு இடையிலான தூரமும் அதிகம். பெரிய சில்லு குழிக்குள் முழுதாக இறங்காமல் அதன் விளிம்புகளைத் தொட்டுக்கொண்டு கடந்துவிடும். சாய்ந்த கவை குலுக்கலில் ஒரு பங்கைத் தானே வளைந்து வாங்கிக்கொள்ளும். எஞ்சியது இருக்கையின் கீழுள்ள சுருள்கம்பிக்குப் போகும். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் திருத்தப்படாமல் கிடந்த வீதிகளில் இந்த மூன்றும் சேர்ந்துதான் முதுகைக் காத்தன.

கம்பிப் பிறேக்கின் கட்டை விளிம்பின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. உட்புறத்தில், குடத்தைப் பார்த்த பக்கத்தில் பிடிக்கிறது. அதனால் சில்லு கொஞ்சம் நெளிந்து 'எட்டு' ஆனாலும் பிறேக் வேலை செய்யும். இதன் பெரிய குறை மழை. நனைந்த இரும்பு விளிம்பில் ரப்பர் கட்டை வழுக்கும். நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் வண்டி நிற்கும். மாரியில் சந்திக்குக் கிட்ட வரும்போது காலைத் தரையில் ஊன்ற ஆயத்தமாக வருவது அனுபவசாலியின் அடையாளம்.

வாங்குமுன் பார்ப்பது

பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர் முதலில் பின்சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு, குட்டிப்பல்லின் 'கிடுகிடு' ஓசை சீராக வருகிறதா என்று காது கொடுப்பார். அடுத்து முன்பிறேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவார். கைபிடித் தண்டில் ஆட்டம் இருந்தால் கையில் தெரிந்துவிடும். பின்னால் குந்தியிருந்து இரண்டு சில்லும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதும் உண்டு. கடைசியாக நேரான வீதியில் கைவிட்டு உழக்கிப் பார்க்கவேண்டும். சட்டம் எங்காவது அடிபட்டு வளைந்திருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எத்தனை பூச்சுப் பூசினாலும் இந்தச் சோதனையை ஏமாற்ற முடியாது.

ஒழுங்கையும் செம்மண்ணும்

வலிகாமத்தின் செம்மண் நீரை விரைவில் உறிஞ்சிவிடும். மழை விட்ட சில மணி நேரத்திலேயே கோப்பாய், உரும்பிராய், இணுவில் தோட்டப் பாதைகளில் சைக்கிள் ஓடும். அங்கே தொல்லை கோடையில்தான். நுண்ணிய சிவப்புத் தூசி குடத்துக்குள் நுழைந்து கிறீசோடு கலந்து, குண்டுகளை அரைக்கும் பசையாகிவிடுகிறது. கடனீரேரி ஓரத்து வயல்களின் களிமண் இதற்கு நேர்மாறு. நனைந்ததும் ரயரில் அப்பி மட்காட்டுக்குள் அடைந்து, சில்லைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ப்பதால், இந்தச் சிக்கல் அந்த மூன்று மாதத்துக்கு உரியது.

ஒழுங்கையின் எதிரி முள். கிளுவை வேலியை வெட்டிக் கட்டும் நாட்களில் ஒடிந்த முள்ளுகள் வழியெங்கும் கிடக்கும். புல்லுக்குள் நெருஞ்சி ஒளிந்திருக்கும். அந்நாட்களில் ஒட்டுப் போடும் கடைக்கு முன்னால் சைக்கிள்கள் தலைகீழாக நிற்கும். கடைக்காரர் நெம்புகோல் இரண்டைச் செருகி ரயரின் ஒரு பக்கத்தைக் கழற்றி, ரியூப்பை வெளியே உருவி, காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் சிறிது சிறிதாக அமுக்கிக்கொண்டே போவார். ஓரிடத்தில் ஊசி முனையளவு குமிழிகள் வரிசையாக எழும். அந்த இடத்தை விரலால் பொத்தி எடுத்து, துடைத்து, அரத்தாளால் தேய்த்து, சொலூசன் பூசி, அது காயும்வரை ஊதி, ஒட்டை வைத்துத் தட்டுவார். பிறகு செய்வதுதான் நல்ல கடைக்காரரை இனங்காட்டும்: ரயரின் உட்புறத்தை விரல் நுனியால் முழுச்சுற்றுத் தடவி, முள் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பார். அதைச் செய்யாத கடையில் ஒட்டுப் போட்டால் வீடு போய்ச் சேருமுன் மறுபடி காற்றுப் போகும்.

வல்லை வெளி

பருத்தித்துறை வீதியில் ஆவரங்காலைத் தாண்டினால் வல்லை வெளி. தொண்டைமானாற்று நீரேரியை ஒட்டிய உவர்நிலம், இடையில் ஒரு பாலம். காற்றை மறிக்க மரமோ மதிலோ இல்லை. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலத்தில் வடகிழக்கே நெல்லியடிப் பக்கம் போகிறவரைக் காற்றே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்கிலிருந்து வரும் வாடையில் அதே ஆள் அதே வெளியில் எழும்பி நின்று உழக்கவேண்டும். தீவகத்தாருக்கு இது மாறி வரும். பண்ணைத் தாம்போதியில் தென்மேற்கே வேலணைக்குப் போகையில் சோளகம் முகத்தில் அறையும்.

காரணம் எளிய கணக்கில் அடங்கும். காற்றின் தடை, வண்டியும் காற்றும் சேர்ந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றில்லா நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே 20 கிலோமீற்றர் வேகக் காற்று அடித்தால், அவர் உணரும் வேகம் 35. தடை ஐந்து மடங்குக்கு மேலாகிவிடும். நிமிர்ந்து உட்காரும் இவ்வண்டியின் அமைப்பு நெஞ்சைப் பாய்மரமாக்கிவிடுகிறது. ஆகவே கைபிடிக்கு மேல் குனிவதும், ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போவதும், முன்னால் போகிறவர் களைத்ததும் பின்னுக்கு வருவதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடக் கைவந்தவை. ஐரோப்பாவின் சைக்கிள் பந்தய வீரர்கள் கடைப்பிடிப்பதும் இதே முறைதான்.

மணல்

இவ்வண்டி தோற்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது வடமராட்சி கிழக்கின் மணற்காடு. பழைய அந்தோனியார் கோவிலின் இடிந்த சுவர்கள் மணலுக்குள் புதைந்து நிற்கும் அந்தக் கரையில், சவுக்கங்காட்டுக்கு அப்பால், சைக்கிளில் ஏறியவர் பத்து அடிக்குள் இறங்கவேண்டி வரும். குடத்தனை, நாகர்கோவில், செம்பியன்பற்று வழியாகத் தாளையடி வரை மணல் வெவ்வேறு அளவில் தொடர்கிறது.

ஆளும் வண்டியும் சேர்ந்து 200 இறாத்தல் என்று வைப்போம். ரயரில் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தல் காற்று இருந்தால், இரண்டு சில்லும் சேர்ந்து நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ நான்கு சதுர அங்குலம். தார் வீதியில் அது நல்லது. உருளும் தடை குறையும். மணலிலோ அந்த நான்கு அங்குலம் கத்திபோல இறங்குகிறது. காற்றைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு எட்டாகும், வண்டி கொஞ்சம் மிதக்கும். ஆனால் தார் வீதிக்குத் திரும்பியதும் மறுபடி பம் தேடவேண்டும். எனவே கரையோரத்தார் வேறு வழி கண்டனர். அலை வந்து திரும்பும் ஈரக்கரையில் உழக்கினர். மணற்பருக்கைகளுக்கு இடையே தங்கும் சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று இறுகப் பிணைப்பதால், அந்த ஒடுங்கிய பட்டி சிமெந்து போலத் தாங்கும். அதற்கு விலை உப்பு. அன்று மாலையே நல்ல தண்ணீரால் கழுவி எண்ணெய் விடாத சங்கிலி, சில நாளில் துருவேறி இறுகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸ், நோர்வே, கனடா என்று போனவர்களின் பிள்ளைகள் இதே சிக்கலைப் பனியில் காண்கிறார்கள். பனிச்சறுக்குப் பலகைகளில் 'ஆல் மவுண்டன்' வகை என்பது இறுகிய சரிவு, புதுப்பனி, தாவுமேடை எல்லாவற்றுக்கும் ஒரே பலகை போதவேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது. அதைச் சோதிப்பவர்கள் ஒரே நாளில் இம்மூன்றிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். நடுப்பகுதி மேல்வளைந்த பலகை இறுகிய பனியில் ஓரத்தை நன்றாகப் பற்றும். நுனி மேல்நோக்கி எழுந்த பலகை புதுப்பனியில் மிதக்கும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். ஏறத்தாழ 155 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள அப்பலகை, 200 இறாத்தல் பாரத்தைச் சதுர அங்குலத்துக்கு அரை இறாத்தலுக்கும் குறைவாகப் பரப்பிவிடுகிறது. மணற்காட்டில் சைக்கிளுக்கு இல்லாமற்போனது அந்தப் பரப்புத்தான்.

பாரம்

பின் கரியரில் வெங்காய மூடை, மீன் பெட்டி, பால் கலன், விறகுக் கட்டு, முன்பாரில் பிள்ளை. சுன்னாகம், திருநெல்வேலி, சாவகச்சேரிச் சந்தைகளுக்கு விளைபொருள் போனது பெரிதும் இப்படித்தான். பாரம் பின்னால் கூடக்கூட முன்சில்லு இலேசாகிக் கைபிடி அலையும். அதற்காகவே சுமையின் ஒரு பகுதியை முன்பாரின் இருபுறமும் தொங்கவிடுவார்கள். இருவர் ஏறிப் போவது 'டபிள்'. அதற்கும் இரவில் விளக்கில்லாமல் போவதற்கும் தண்டம் இருந்தது. உள்ளூராட்சி மன்றம் ஆண்டுதோறும் தந்த சிறு உலோகத் தகடு இல்லாவிட்டாலும் அப்படியே.

1990க்குப் பின்

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியபின், தீபகற்பத்துக்குப் பெற்றோலும் டீசலும் பற்றறியும் வருவது தடைப்பட்டது. மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. அதுவும் சிலருக்கே கிட்டியது. மற்றவர்களுக்குச் சைக்கிளே பஸ், லொறி, அம்புலன்ஸ். நோயாளியை வைத்தியசாலைக்கும், பிள்ளையைப் பரீட்சைக்கும், சில வேளை பிரேதத்தையும் சைக்கிள் சுமந்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் அதற்கு இன்னொரு வேலையும் வந்தது. மாலையில் முற்றத்தில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, ரயரோடு உரசும் டைனமோ வானொலிக்கு உயிர் கொடுத்தது. டைனமோவின் அளவு 6 வோல்ட், 3 வாட். நான்கு பற்றறிகள் தரும் வோல்ட்டும் அதுவே. டைனமோ தருவது மாறுதிசை மின்னோட்டம் என்பதால் இடையில் டயோட்டு வேண்டும். சுற்றுபவர் கை தளர்ந்தால் பிபிசி தமிழோசைச் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். சுற்றியிருப்பவர்கள் "கெதியாச் சுத்து" என்பார்கள்.

பெருநிலத்துக்குப் போகும் ஆனையிறவு வழியும் சங்குப்பிட்டி வழியும் மூடப்பட்ட காலத்தில், மக்கள் கொம்படி–ஊரியான் பாதையின் சேற்று நீரிலும், பின்னர் கிளாலியில் இரவுப் படகிலும் யாழ்ப்பாண நீரேரியைக் கடந்தனர். சேற்றில் சைக்கிள் ஓடவில்லை. தள்ளப்பட்டது, தோளில் ஏறியது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, வலிகாமத்தை விட்டு நாலைந்து இலட்சம் பேர் மழையில் தென்மராட்சி நோக்கி வெளியேறியபோதும் அப்படியே. வழியிலுள்ள நாவற்குழிப் பாலத்தில் உழக்க இடமில்லை. கரியரில் பாயும் பாத்திரமும், பாரில் முதியவரும் இருக்க, வண்டி கைத்தள்ளு வண்டியாக அடியடியாக நகர்ந்தது. ஓட முடியாத இடத்திலும் சுமக்கக்கூடியதாக இருந்ததே இவ்வண்டியின் ஆகப்பெரிய வலு என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். எந்த விளம்பரத்திலும் அது சொல்லப்பட்டதில்லை.

இன்று

2009க்குப் பின் வீதிகள் அகலமாகிக் 'காப்பெற்' போடப்பட்டன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. குழியும் கல்லும் போனதால் பெரிய சில்லின் தேவை குறைந்து, மோட்டார் சைக்கிள் அதன் இடத்தைப் பிடித்தது. 2022இல் நாடெங்கும் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, விறகுக்கொட்டிலில் சாய்த்து வைத்திருந்த பழைய வண்டிகள் மீண்டும் ஒட்டுக் கடைக்கு வந்தன.

இளையோர் விரும்புவது கியர் வைத்த 'மவுண்டன்' சைக்கிள். இரண்டங்குல ரயர் மணலில் சற்று நன்றாகவே போகிறது. எதிர்காற்றில் கியரைக் குறைக்கலாம் என்பதால் வல்லை வெளியிலும் அதற்கே வெற்றி. கடற்காற்று படும் ஊர்களில் மட்டும் நிலைமை மாறுகிறது. கியர் மாற்றும் மெல்லிய கம்பியும் சிறு சுருள்வில்லும் உப்பில் துருப்பிடித்து இறுகி, வண்டி ஏதோ ஒரு பல்லில் நின்றுவிடுகிறது. பிறகு அதையும் ஒற்றைக் கியராகவே உழக்கிக்கொண்டு போகிறார்கள்.