நஞ்சு மருந்தான கதை

பினாங்கு டத்தோ கிராமத் சாலையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈயாலை ஒன்று எழுந்தது. அங்கும் பட்டர்வொர்த்திலும் உருக்கிய வெள்ளீயம் கடல் கடந்து சென்றது. உணவு டின்களின் தகட்டுக்குப் பூச்சாக உலகம் பயன்படுத்தியது அந்த வெள்ளீயத்தையே. டின்னுக்குள் காற்றுப் புகாது, உணவு கெடாது. ஆனால், போதிய சூடின்றி அடைத்துவிட்டால், காற்றில்லா இடத்தையே நாடும் ஒரு கிருமி உள்ளே பெருகும். அது கக்கும் நஞ்சே பொட்டுலினம். இன்று ஜார்ஜ் டவுன் மருத்துவக் கூடங்களில் முகச்சுருக்கம் நீக்க ஊசியில் ஏற்றுவதும் இதே நஞ்சுதான் என்றால் சிலர் நம்பமாட்டார்கள்!

டின் தோன்றுமுன்பே இந்நோய் இருந்தது. குடலில் அடைத்த இறைச்சிக்கு இலத்தீனில் ‘பொட்டுலஸ்’ என்று பெயர்; நஞ்சின் பெயர் அதிலிருந்து வந்ததே. ஜெர்மானிய மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர், அவ்விறைச்சியுண்டு நலிந்த 155 பேரைப் பற்றி 1822இல் எழுதினார். இமை தொங்கும், காண்பதெல்லாம் இரண்டாகத் தெரியும், மூச்சுத் தசை ஓயும், அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். நஞ்சைத் தாமே சுவைத்தும் பார்த்தார் அவர். (பின்பற்றத்தக்க வழியன்று!) அடங்காமல் துடிக்கும் உறுப்புகளை இதே நஞ்சு சிற்றளவில் அடக்கக்கூடும் என்றும் கருதினார். அக்கருத்து நூற்றைம்பது ஆண்டுகள் உறங்கிற்று.

1895இல் பெல்ஜிய நாட்டில் சாவு வீட்டில் வாசித்த இசைக் குழுவினர் பன்றித் தொடைக்கறி உண்டு நோயுற்றபோது, வான் எர்மெங்கம் கிருமியைக் கண்டுபிடித்தார். நரம்பு தசைக்கு அனுப்பும் இரசாயனத் தூதை இந்நஞ்சு தடுக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. சான் பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைச் சீராக்க இதனைக் குரங்குகளில் சோதித்து 1973இல் வெளியிட்டார். அமெரிக்க அரசு 1989இல் கண் நோய்களுக்கும், 2002இல் புருவ இடைக் கோடுகளுக்கும் அனுமதி தந்தது. ஊசியின் பயன் மூன்று, நான்கு மாதங்களே.

பழைய கொடுமையும் ஒழியவில்லை. நமக்கு வடக்கே தாய்லாந்தின் நான் மாநிலத்தில், 2006இல் வீட்டில் டின்னிலடைத்த மூங்கில் குருத்தை உண்டு இருநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு மூச்சுக் கருவி தேவைப்பட்டது. கொதிநீர்ச் சூடு நஞ்சை அழிக்கும். கிருமியின் வித்தையோ அழிக்காது. அதற்கு அழுத்தக் கலத்தில் 121 பாகை வெப்பம் வேண்டும்.

மலேசியாவில் இவ்வூசியைப் பதிவுபெற்ற மருத்துவரே போடலாம். மலிவு கருதி அழகு நிலையத்தில் கன்னத்தை நீட்டுவோர் ஒன்றை அறிதல் நலம்: மாற்று மருந்து இரத்தத்தில் திரியும் நஞ்சைப் பிடிக்குமேயன்றி, நரம்பினுள் புகுந்துவிட்டதை வெளியேற்றாது.