ராமசாமி செய்த டோஸ்ட்

இந்தியப் பெருநகரங்களின் பழைய கிளப்புகளில், மாலை வேளையில் மதுவுடன் வரும் தட்டில் சிறு சதுரமாக வெட்டிய டோஸ்ட் இன்றும் தவறாமல் இடம்பெறுகிறது. மேலே உருகிய பாலாடைக்கட்டி. அதற்குள் பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய். மாட்டிறைச்சி விலக்கில்லாத ஊர்களிலும் வீடுகளிலும், பாலாடைக்கட்டிக்கு அடியில் மெல்லியதாகச் சீவிய ஸ்டேக் துண்டு ஒன்றும் இருக்கும். இதனை 'ஆங்கிலேயர் விட்டுச்சென்ற உணவு' என ஒரே வரியில் கடந்துவிடுவது உணவு வரலாற்று எழுத்தில் வழக்கமாகிவிட்டது. அந்த வரி அரைகுறை உண்மைதான். டோஸ்ட் எனும் வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆனால் ரொட்டியும், இறைச்சியும், அதைச் சுட்ட கையும், பின்னர் அதை மாற்றியமைத்த சமூகக் கட்டுப்பாடுகளும் இம்மண்ணைச் சேர்ந்தவை. இவற்றுள் ஆவணங்களில் மிகக் குறைவாகப் பதிவாகியிருப்பது அந்தக் கைதான் என்பதே இப்பதிவை எழுதத் தூண்டியது.

விக்டோரியா காலத்து ஆங்கில விருந்தில் டோஸ்ட் வந்த இடம் இறுதி. இனிப்புக்குப் பின், பழங்களும் போர்ட் ஒயினும் வருமுன், 'சேவரி' என்ற உப்புக்கார வரிசை ஒன்று உண்டு. நெத்திலி வகை மீன், முட்டை, உருக்கிய பாலாடைக்கட்டி ஆகியவற்றை டோஸ்டின் மேல் வைத்து அளவாகப் பரிமாறுவர். பிரெஞ்சு விருந்து முறையில் இதற்கு இடமில்லை. இது ஆங்கிலேயருக்கே உரிய பழக்கம். ஈ. எம். ஃபார்ஸ்டர் 1924இல் வெளியிட்ட 'எ பாசேஜ் டு இந்தியா' நாவலில் ஆங்கிலோ-இந்திய விருந்து ஒன்றின் பட்டியலைத் தருகையில், அதனை டோஸ்டின் மேல் வைத்த மத்தி மீனோடுதான் முடிக்கிறார். அவ்வுணவைப் புரிந்துகொள்ளாத வேலைக்காரர்கள் சமைத்தது என்றும் சேர்த்துக்கொள்கிறார். நாடுவிட்டு வந்தோரின் ஏக்கத்தை நயமாகக் காட்டும் இடம் அது. ஆனால் 'புரிந்துகொள்ளாத' என்ற தீர்ப்பை நாம் அப்படியே ஏற்கவேண்டிய தேவையில்லை.

அதை மறுக்க உதவும் சான்று, வியப்பூட்டும் வகையில், ஓர் ஆங்கிலப் படை அதிகாரியிடமிருந்தே கிடைக்கிறது. ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட் 1859இல் தம் பத்தொன்பதாம் வயதில் சென்னை மாகாணக் குதிரைப்படையில் சேர வந்தவர். 'வைவர்ன்' எனும் புனைபெயரில் சென்னை நாளிதழில் சமையல் கட்டுரைகள் எழுதினார். அவை 1878இல் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' எனும் நூலாயின, வெளியிட்டது ஹிக்கின்பாதம்ஸ். முப்பது அத்தியாயங்களும், சிறு விருந்துகளுக்கான முப்பது உணவுப்பட்டியல்களும் கொண்ட அந்நூலில் முன்னுணவுகளுக்கும் பாலாடைக்கட்டிப் பண்டங்களுக்கும் உரிய இடம் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வரும் தகர டின் உணவுகளைக் காட்டி விருந்தினரை மயக்கும் பகட்டை அவர் கடுமையாகச் சாடினார். சந்தையில் கிடைக்கும் புதிய பொருளைக் கொண்டு செம்மையாகச் சமைப்பதே நாகரிகம் என்றார். பிற்காலத்தில் எலிசபெத் டேவிட் போன்ற ஆங்கில உணவு எழுத்தாளர்கள் அவரைக் கொண்டாடியதில் நியாயம் உண்டு. அவருடைய உரைநடையில் இன்றும் உயிர் இருக்கிறது.

ஆனால் அந்நூலில் சமைப்பவர் வைவர்ன் அல்லர். சமைப்பவர் 'ராமசாமி'. இது ஒரு மனிதரின் பெயரன்று. சென்னையின் சமையற்காரர் அனைவருக்கும் அவர் இட்ட பொதுப்பெயர். ராமசாமி இதைச் செய்வான், அதைக் கெடுப்பான், நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் வியக்கவைப்பான் என்று நூல் முழுதும் அவன் வந்துபோகிறான். வைவர்னுக்கு அவன்மேல் வெறுப்பில்லை. சமையற்காரனை நண்பனாக்கிக்கொள்ளுங்கள் என்றே துரைசாணிகளுக்கு அறிவுரை கூறுகிறார். பத்தாண்டுகள் கழித்து ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் எழுதிய இல்லப் பராமரிப்பு நூலின் தொனியோடு ஒப்பிட்டால் இது பெருந்தன்மை. அவர்களோ வீட்டை ஆள்வதையும் பேரரசை ஆள்வதையும் ஒரே தராசில் வைத்தவர்கள். எனினும் பெருந்தன்மையுள்ள நூலிலும் சமையற்காரருக்குச் சொந்தப் பெயர் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

யார் இந்த ராமசாமிகள்? மாட்டிறைச்சியைத் தொட்டுச் சமைக்கச் சாதி இந்துக்கள் முன்வரவில்லை. பன்றி இறைச்சியை இசுலாமியர் தொடவில்லை. ஆகவே சென்னையில் துரைமார் வீட்டுக் குசினி பெரும்பாலும் பறையர் சமூகத்தாரிடமும் கிறித்தவரானவர்களிடமும் வந்துசேர்ந்தது. ('குசினி' என்ற சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, ஆங்கிலேயருக்கு முன்பே இன்னொரு ஐரோப்பிய அடுப்பு இங்கு எரிந்ததற்குத் தமிழ் வைத்திருக்கும் சாட்சி அது.) கல்கத்தாவில் இவ்விடத்தைச் சிட்டகாங் பகுதியின் பௌத்தர்களான மக் சமையற்காரர்கள் பிடித்தனர், அவர்களுக்கு இரு இறைச்சிகளும் விலக்கல்ல. பம்பாயில் கோவாக் கத்தோலிக்கர். மூன்று மாகாணத் தலைநகரங்களிலும், சமூகம் எவர்களை விளிம்பில் நிறுத்தியதோ அவர்களே ஐரோப்பியச் சமையல் நுட்பத்தின் இந்தியக் காப்பாளர்களாயினர். 'தீட்டு' எனும் கருத்து ஒரு தொழிற்சந்தையை எவ்வாறு வடிவமைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இனி அந்த டோஸ்டையே அவர்கள் அடுப்பருகில் வைத்துப் பார்ப்போம். முதலில் ரொட்டி. ஈஸ்ட் எளிதில் கிடைக்காத காலத்தில் மாவைப் புளிக்கவைத்தது கள். கோவா ரொட்டிக்காரர்கள் இதில் பெயர்பெற்றவர்கள். நம் ஆப்பத்துக்கும் அதே கள்தான். அடுத்தது இறைச்சி. உழவிலும் வண்டியிலும் உழைத்த மாட்டின் இறைச்சி கடினமானது. குளிர்ப்பெட்டி இல்லாததால், ஐரோப்பாவில் செய்வதுபோல் பல நாள் தொங்கவிட்டுப் பதப்படுத்தவும் வழியில்லை. இரவில் அறுத்ததை மறுநாளே சமைத்தாகவேண்டும். ஆகவே ஸ்டேக் என்றால் முதுகெலும்புக்கு உட்புறமுள்ள மென்தசை ஒன்றே தகுதியானது. இறைச்சிக் கடைகளில் அதை 'அண்டர்கட்' என்று கேட்டால்தான் இன்றும் சரியான துண்டு கிடைக்கும். மற்ற பகுதிகளை மரச்சுத்தியால் தட்டி, பச்சைப் பப்பாளியை அரைத்துத் தடவி இளக்கினர். பப்பாளிப் பாலிலுள்ள நொதி தசைப் புரதத்தைச் சிதைக்கும் என்பதை வேதியியல் பின்னர் விளக்கியது. அடுப்படி அதை முன்பே அறிந்திருந்தது. பல வீடுகளில் புதிய ஸ்டேக்கைவிட, முதல்நாள் வாட்டிய இறைச்சியின் மிச்சத்தைக் கொத்திக் கடுகுச் சாந்தும் வெண்ணெயும் கலந்து வைப்பதே நடைமுறையாக இருந்தது. விருந்துப் பண்டம் என நாம் எண்ணுவதற்குப் பின்னால் சிக்கனம் ஒளிந்திருக்கிறது.

கடுகோடு சில துளி வூஸ்டர்ஷயர் சாஸும் சேரும். வங்காள ஆளுநராக இருந்த சாண்டிஸ் பிரபு அதன் செய்முறையை இந்தியாவிலிருந்து கொண்டுபோனார் என்ற கதையைச் சமையல் நூல்கள் சலிக்காமல் சொல்லிவருகின்றன. வங்காளத்துக்கு அப்பெயரில் ஆளுநர் எவரும் இருந்ததில்லை. நூற்றாண்டுக்கு மேலாக இக்கதை உயிரோடிருப்பது, சாஸின் சுவையைவிட விளம்பரத்தின் வலிமையைத்தான் காட்டுகிறது.

பாலாடைக்கட்டியின் கதை இன்னும் சிக்கலானது. அதில் பெரும்பகுதி கப்பலில் தகர டின்களில் வந்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்டவையும் உண்டு. ஹூக்ளியில் போர்த்துகீசியர் குடியேற்றத்தின் எச்சமாகப் பாண்டெல் எனும் சிறு வட்டமான, உப்பு மிகுந்த கட்டி. அதில் புகையூட்டிய வகையும் உண்டு. கல்கத்தா நியூ மார்க்கெட்டில் அது இன்றும் விற்கிறது. சூரத்திலும் டாக்காவிலும் அவ்வூர்ப் பெயரோடே பனீர் வகைகள் இருந்தன. பாலைத் திரிப்பதைக் குற்றமாகக் கருதிய வைதிக மனப்பான்மையை வங்காளத்தில் தளர்த்தியது போர்த்துகீசியத் தொடர்பே எனக் கே. டி. ஆச்சயா கருதினார், சந்தேஷும் ரசகுல்லாவும் அதன் வழிவந்தவை என்பது அவர் வாதத்தின் தொடர்ச்சி. இக்கருத்து விவாதத்துக்குரியது. எனினும் பாலாடைக்கட்டி இந்தியாவில் வெறும் இறக்குமதிப் பண்டமாக மட்டும் இருக்கவில்லை என்பதை நினைவூட்ட அது போதும்.

மிகக் கடினமான வேலை இறுதியில்தான். பாலாடைக்கட்டியின் மேற்புறம் பொன்னிறமாகச் சிவக்கவேண்டும். அடியிலுள்ள இறைச்சி மேலும் வேகக்கூடாது. டோஸ்ட் சொதசொதக்கக் கூடாது. அதற்கு மேலிருந்து அனல் வேண்டும். ஐரோப்பியச் சமையலறையில் இதற்குச் 'சாலமாண்டர்' எனும் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தகடு இருந்தது. இந்தியக் குசினியிலோ பெரும்பாலும் அவனே கிடையாது. செங்கல் அடுப்பு, கரி, சில தேக்சாக்கள் மட்டுமே. அக்குசினிகளின் புகையையும் அழுக்கையும் வைவர்ன் நூலின் கடைசிப் பகுதி விரிவாகக் கண்டிக்கிறது. அங்கே சமையற்காரர் செய்தது இதுதான்: தேக்சாவுக்குள் தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் தணலைப் பரப்பினார். பிரியாணிக்குத் தம் போடுபவர்கள் அறிந்த அதே முறை. ரொட்டியை முன்கூட்டி நெய்யிலோ வெண்ணெயிலோ பொரித்து, ஈரம் இறங்காதபடி ஒரு படலம் ஏற்படுத்தினால் சென்னையின் புழுக்கத்திலும் அது மொறுமொறுப்பாக நிற்கும். ஸ்டேக்கை வாட்டியவுடன் வெட்டாமல் சற்றுநேரம் ஆறவிட்டுப் பிறகு நாருக்குக் குறுக்காகச் சீவினால் சாறு டோஸ்டில் இறங்காது. இவ்வளவையும், கைகடிகாரமும் வெப்பமானியும் இல்லாமல், இருபது பேருக்கு ஒரே நேரத்தில் சூடாக அனுப்பியவரைப் பற்றியா 'புரிந்துகொள்ளாதவர்' என்கிறோம்?

உலகப்போர்களுக்குப் பின் ஆங்கில விருந்தின் நீண்ட வரிசைகள் சுருங்கின. இறுதியில் வந்த சேவரி மெல்ல மறைந்தது. இந்தியாவில் டோஸ்ட் மறையாமல் முன்னால் நகர்ந்தது. தாழ்வாரத்தில் நீளும் மது நேரமும், இரவு தாமதித்து வரும் உணவும் அதற்கு இடமளித்தன. கிளப்புகளிலும் படையினர் உணவகங்களிலும் கையால் எடுத்து உண்ணும் சிறுதீனியாக அது நிலைத்தது.

கிளப்பு என்றவுடன் யார் உள்ளே இருந்தார்கள் என்ற கேள்வியும் எழும். 1827இல் தொடங்கிய பெங்கால் கிளப்பு, நாடு விடுதலை பெற்று ஒரு பத்தாண்டுக்குப் பிறகே இந்தியரை உறுப்பினராக ஏற்றது. சமையலறையில் முதல் நாளிலிருந்தே இந்தியர் இருந்தனர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இந்த நிறத்தடைக்கு மாற்றாகவே கல்கத்தா கிளப்பு 1907இல் உருவானது. பம்பாயில் முதல் உலகப்போரின் இறுதி ஆண்டுகளில் ஆளுநர் வில்லிங்டனின் பெயரால் இருதரப்புக்குமான விளையாட்டுக் கிளப்பு ஒன்று எழுந்தது.

அந்த வில்லிங்டன் கிளப்பிலிருந்துதான் நம் டோஸ்டின் அடுத்த திருப்பம் வருகிறது. தேவி பிரசாத் கேஜ்ரிவால் எனும் உறுப்பினர் மார்வாரி சைவ உணவுக் குடும்பத்தவர். வீட்டில் முட்டைக்கு அனுமதியில்லை. எனவே கிளப்பில் டோஸ்டின் மேல் முட்டையும், அதை மறைக்கும்படி பாலாடைக்கட்டியும் பச்சை மிளகாயும் வைத்துத் தரச்சொன்னார் என்பது கிளப்பு வட்டாரத்தில் வழங்கும் வரலாறு. 'எக்ஸ் கேஜ்ரிவால்' என்ற பெயரோடு அது உணவுப்பட்டியலில் ஏறியது; பிற்காலத்தில் ஃப்ளாய்ட் கார்டோஸ் அதை நியூயார்க் வரை கொண்டுசென்றார். ஆங்கிலேயருக்குப் பாலாடைக்கட்டி சுவைக்கான மேற்பூச்சு. இங்கே அது ஒரு திரை. சாதியும் குடும்பமும் விதித்த விலக்கைப் பொதுவெளியில் மீறவும், மீறியதை மறைக்கவும் ஒரே பொருள் பயன்பட்டது.

விடுதலைக்குப் பின் ஆனந்தின் கூட்டுறவுப் பால்பண்ணை எருமைப்பாலில் பதப்படுத்திய பாலாடைக்கட்டி செய்யத் தொடங்கியது. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டுக்கு மாற்று வந்தபின் சைவ வீடுகளின் தயக்கமும் நீங்கியது. இறைச்சியின் நிலை வேறு. மகாராட்டிரத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் பசுவதையைத் தடுத்தது, 2015இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் காளையையும் எருதையும் சேர்த்துக்கொண்டது, எருமைக்கு விலக்களித்தது. கல்கத்தாவின் பார்க் தெருவில் ஒலிபப் போன்ற பழைய மதுக்கூடங்கள் மாட்டு ஸ்டேக்குக்குப் பெயர்பெற்றிருக்க, மும்பையில் உள்ளூரில் அறுத்த இறைச்சியின் ஸ்டேக் என்றால் அது எருமையே. ஒரே சொல், ஒரே டோஸ்ட். மாநில எல்லை தாண்டினால் விலங்கு மாறிவிடுகிறது. நாடெங்கும் பொதுவாக எஞ்சியது பாலாடைக்கட்டியும் மிளகாயும் மட்டுமே. இதை 'இந்தியமயமாதல்' என்று இனிமையாக அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மிளகாய் சேர்ந்தது சுவையின் விருப்பம். ஸ்டேக் விலகியதில் சுவைக்குப் பங்கு குறைவு.

இப்போது இரு பெயர்களையும் அருகருகே வையுங்கள். 'ராமசாமி' என்பது ஆளில்லாத பெயர். 'கேஜ்ரிவால்' என்பது உண்டவரின் பெயர். முட்டையை உடையாமல் பொரித்து, திரையிட்டு, மேசைக்கு அனுப்பிய சமையற்காரர் இரண்டிலும் இல்லை.

அவர்களைத் தேட வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. வேலைவிட்டுச் செல்கையில் துரைமார் எழுதிக்கொடுத்த நற்சான்றுக் கடிதங்களைச் சமையற்காரர்கள் பத்திரமாகச் சேர்த்து, அடுத்த வீட்டு வாசலில் காட்டினர். அவற்றில் சொந்தப் பெயர், பணியாற்றிய ஆண்டுகள், சில வேளை திறமையாகச் செய்த பண்டம் வரை குறிப்பிடப்பட்டிருக்கும். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் தந்தையின் தொழிலுக்கான பத்தியில் 'சமையற்காரர்', 'பட்லர்' என்ற சொற்கள் உண்டு. கிளப்புகளின் சம்பளப் பதிவேடுகள் வரலாற்று ஆவணமாகக் கருதப்படாமல் கிடங்குகளில் கிடக்கின்றன. இதை வாசிக்கும் மாணவர்களில் எவர் குடும்பத்திலேனும் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கிளப்பிலோ துரைவீட்டிலோ குசினி வேலை பார்த்திருந்தால், பெட்டியடியில் அத்தகைய கடிதம் இருக்கக்கூடும். கிடைத்தால் முன்பக்கம் மட்டுமன்றிப் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். சந்தைக் கணக்கையும் செய்முறைக் குறிப்பையும் தமிழில் எழுதிவைக்க அவர்களுக்குக் கையில் இருந்த தாள் பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.