பேசாத பையன் வரைந்த வயல்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியும் கையுமாக உட்கார்ந்து படியுங்கள்.

குர்த்தா, தலையணை உறை, ஹோட்டல் சுவர் என்று எங்கே பார்த்தாலும் இப்போது ஒரே மாதிரி வெள்ளைக் குச்சி மனிதர்கள். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு முனையோடு முனை ஒட்டிய இரண்டு முக்கோணம். இதை 'வார்லி' என்கிறோம். வார்லி என்பது மகாராஷ்டிரத்தின் வட கோடியில், குஜராத் எல்லையை ஒட்டி வாழும் பழங்குடி மக்களின் பெயர். அவர்களில் ஒருவரான ஜிவ்யா சோமா மஷே பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

1934ல் தலாசரி வட்டத்தில் தாமன்காவ் என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழு வயது வாக்கில் தாய் இறந்துபோனார். அதோடு பையனின் பேச்சு நின்றுவிட்டது. சொல்ல வேண்டியதை மண்ணில் விரலால் வரைந்து காட்டுவான். பேசாத பிள்ளைக்கு நம் பள்ளிக்கூடங்களில் என்ன பெயர் வைப்போம் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஊரில் அவனை அவன் போக்கில் வரைய விட்டார்கள். பிறகு டஹாணு வட்டத்தில் கஞ்சாட் பக்கம் போய், கடைசி வரை அங்கேதான் இருந்தார். ஓவியப் பள்ளி எதையும் அவர் பார்த்ததில்லை.

வார்லி வீட்டுச் சுவர் மூங்கில் தட்டியில் மண்ணும் சாணமும் பூசியது. அதன்மேல் காவி மண். வரைவதற்கு அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்த வெள்ளை, நுனியை மென்று நார் நாராக்கிய மூங்கில் குச்சி. கேட்டதும் நம் வீட்டு மாக்கோலம் நினைவுக்கு வரவில்லையா? ஊறவைத்த பச்சரிசியை அரைத்து, துணியை அதில் நனைத்து, விரல் வழியே இழை இழையாக இறக்கி, ஓரத்தில் காவி கட்டுவோமே, அதே வெள்ளை, அதே காவி. அவர்களும் நெல் விதைத்துப் பிழைப்பவர்கள்தான். என்ன, மேட்டூர் எப்போது திறக்கும் என்று நாம் காத்திருப்போம், அவர்கள் மழையை மட்டும் பார்த்திருப்பார்கள்.

அங்கேயும் சுவரில் வரைவது பெண்கள் வேலை. கல்யாணம் என்றால் சுமங்கலிகள் கூடி 'சௌக்' என்ற சதுரத்தை வரைந்து, அதற்குள் பாலகட் என்ற தெய்வத்தை எழுந்தருளச் செய்வார்கள். அது இல்லாமல் கல்யாணம் இல்லை. சடங்கு முடிந்தால் படத்தின் வேலையும் முடிந்தது.

ஜிவ்யா இந்த வழக்கத்திலிருந்து விலகினார். ஆண்பிள்ளை, கல்யாணமும் இல்லை, தினமும் வரைந்தார். 1970களின் தொடக்கத்தில் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியர் காகிதமும் வண்ணமும் எடுத்துக்கொண்டு அந்த ஊர்களுக்கு வந்தார். பீகார் பஞ்சத்தின்போது மதுபனிப் பெண்களிடம் காகிதம் கொடுத்து வரையச் சொன்னவரும் இவரே. 1975ல் மும்பை செமோல்டு கேலரியில் ஜிவ்யாவின் படங்கள் மாட்டப்பட்டன. 1976ல் தேசிய விருது. 2003ல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில், ரிச்சர்ட் லாங் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயக் கலைஞரோடு சரிசமமாக ஒரே கண்காட்சி. 2009ல் நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் விருது, 2011ல் பத்மஸ்ரீ. 2018 மே மாதம் காலமானார்.

விருதுகளை விடுங்கள், படங்களுக்கு வருகிறேன். மீன்வலை ஒன்று வரைந்திருக்கிறார். கோடு மேல் கோடாக, துணி முழுக்க வலை. பார்த்துக்கொண்டே இருந்தால் அது காற்றில் அசைவது போலத் தோன்றும். எறும்புகளைச் சாரி சாரியாக வரைந்திருக்கிறார். நடவு வயல், களத்துமேடு, தார்பா ஊதுகிறவனைச் சுற்றிச் சுருள் சுருளாக ஆடும் கூட்டம். தார்பா என்பது நம் மகுடி போல சுரைக்குடுக்கையில் செய்தது, நீளம் மட்டும் அதிகம். படத்தில் ராஜாவும் கிடையாது, தனித்துத் தெரியும் கதாநாயகனும் கிடையாது. எறும்புக்குக் காட்டிய கவனம்தான் மனிதனுக்கும். குர்த்தாவில் அச்சடித்த குச்சி மனிதர்களிடம் இந்த அசைவு இல்லை. அவர்கள் வெறுமனே வரிசையில் நிற்கிறார்கள்.

வெளியுலகம் ஜிவ்யாவை 'கண்டுபிடித்தது' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. குல்கர்னி வருவதற்கு முன்பே அவர் வரைந்துகொண்டுதான் இருந்தார். இன்னொன்றும் உறுத்துகிறது. தலைமுறை தலைமுறையாகச் சுவரில் வரைந்த அந்தச் சுமங்கலிகளில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? ஜிவ்யாவின் திறமையை நான் குறைக்கவில்லை. முக்கோணமும் சதுரமும் அந்தப் பெண்களிடமிருந்து வந்தவை, அசைவு அவருடையது. காகிதத்தில் வந்தவரின் பெயர் நின்றது, சுவரில் வரைந்தவர்களின் பெயர் அடுத்த சாணப் பூச்சோடு போயிற்று.

தஞ்சாவூர் ஓவியம் என்றால் தங்க ரேக்கும் கல்லும் ஒட்டிய கண்ணாடிச் சட்டப் படம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதற்குப் பட்டறை உண்டு, ஆசான் உண்டு, விலை உண்டு. விடியற்காலை வாசலில் குனிந்து இருபத்தோரு புள்ளி வைத்து, ஒரே இழையில் பிசிறில்லாமல் முடித்த நம் அத்தைகளையும் பெரியம்மாக்களையும் ஓவியர் என்று யாரும் சொன்னதில்லை. மாவை எறும்பு தின்றது, மிச்சத்தைச் சைக்கிள் மிதித்தது.

ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கோல நோட்டு இருக்கும், பாதி கணக்கு நோட்டு, பாதி கோலம். அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். போட்டவர் யார், எந்த ஊர், எத்தனை புள்ளி, அந்தக் கோலத்தை அவர் என்ன பெயர் சொல்லி அழைத்தார் என்று கூடவே எழுதுங்கள். என் அம்மாவின் நோட்டிலிருந்து ஒன்றை நாளை நான் போடுகிறேன். பென்சில் மங்கிவிட்டது, பகல் வெளிச்சத்தில்தான் எடுக்க முடியும்.