320 – திரை ரெண்டா பிரிஞ்ச கதை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. டேப்லெட்டுக்குச் செயலி எழுதற பொட்டிதட்டிகளுக்கு இது சொந்த சோகம், மத்தவங்களுக்கு வேடிக்கை :-)

2010 ஏப்ரல்ல ஐபேட் கடைக்கு வந்தது. கூடவே வந்த ஐபோன் ஓஎஸ் 3.2-ல 'ஸ்ப்ளிட் வியூ கன்ட்ரோலர்'னு ஒரு சமாச்சாரம். படுக்கையா பிடிச்சா இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் விவரம். நிமிர்த்திப் பிடிச்சா பட்டியல் ஒளிஞ்சுக்கும், விவரம் முழுத்திரைக்கு விரியும். பட்டியலோட அகலம் 320. அப்போதைய ஐபோன் திரையோட அகலமும் அதேதான்!

ஒளிஞ்ச பட்டியலை வரவழைக்கற பட்டனை ஆப்பிள் நம்ம கையில கொடுக்கும். டூல்பார்ல மாட்டறது நம்ம பொறுப்பு. நான் மறந்தேன். சமையல் குறிப்புச் செயலி ஒண்ணு எழுதி பெருமையா அத்தைகிட்ட காட்டினா, நிமிர்த்திப் பிடிச்சாங்க. ரசம் மட்டும் நிக்குது, மத்த குறிப்புக்குப் போக வழியே இல்லை. "ஏண்டா, தினம் ரசம்தானா?"ன்னாங்க. :-(

2012 அக்டோபர்ல விண்டோஸ் 8. இங்க ஆட்டமே வேற. ஒரு செயலிக்குள்ள ரெண்டு பாகம் இல்லை, ரெண்டு செயலிகளே பக்கத்துல பக்கத்துல. ஓரமா ஒதுங்கறதுக்கு 320 பிக்சல் (மறுபடியும்!), நடுக்கோடு 22, மிச்சம் 1024. கூட்டினா 1366. அந்த அகலம் இல்லாத திரையில இந்த வசதியே கிடையாது. எழுதறவனுக்கு என்ன நிம்மதி, படுக்கைவாட்டுல மூணே அளவுதான்! 2013-ல 8.1 வந்து அதுக்கும் வேட்டு வெச்சது. கோட்டை இஷ்டத்துக்கு இழுக்கலாம்னுட்டாங்க.

2015-ல ஐஓஎஸ் 9 மூலமா ஆப்பிளும் ரெண்டு செயலிகளைச் சேர்த்து உட்கார வெச்சது. ஐபேட் ஏர் 2-ல பெரியவருக்கு 694, சின்னவருக்கு அதே 320. இங்கதான் உள்பிரிவும் வெளிப்பிரிவும் முட்டிக்கிச்சு. 320-க்குள்ள பட்டியலுக்கும் விவரத்துக்கும் சேர்த்து இடம் ஏது? ரெண்டும் ஒண்ணா மடங்கிடும். மடங்கினா மேல நிக்கறது எது? நாம எதுவும் சொல்லாம விட்டா விவரம்தான். இன்னும் எதையும் தொடாதவங்களுக்கு வெறும் வெள்ளைத்திரை. ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் இது புரிஞ்சது.

ஆண்ட்ராய்டு 2016-ல நௌகட்டோட வந்து சேர்ந்தது. அளவு மாறினா 'ஆக்டிவிட்டி'யை அழிச்சுட்டு புதுசா உண்டாக்கறது அதோட வழக்கம். எழுத்துப்பெட்டியில தட்டினது பெரும்பாலும் தப்பிச்சுடும். நாம நினைவகத்துல மட்டும் வெச்சிருந்தது, முன்னாடியே சேமிக்கலைன்னா, போயே போச்சு.

சோம்பேறிகளுக்கு ஒரு சந்து இருந்தது. 'எனக்கு முழுத்திரைதான் வேணும்'னு ஒரு வரி எழுதிட்டா யாரும் நம்மளைச் சுருக்க முடியாது. நானும் பல வருஷம் அந்தச் சந்துலதான் குடியிருந்தேன். 2025-ல ஐபேட்ஓஎஸ் 26 எல்லாத்தையும் ஜன்னலாக்கி, அந்த வரியையும் ஓய்வுப் பட்டியல்ல சேர்த்தது. அதே வருஷம் ஆண்ட்ராய்டு 16-ம், தன்னை இலக்கா வெச்சு எழுதின செயலிகள் (விளையாட்டுகள் நீங்கலா) பெரிய திரையில 'என் அளவை மாத்தாதே'ன்னு அடம் பிடிச்சா காதுல வாங்கறதில்லைன்னு முடிவு பண்ணிடுச்சு.

அத்தை இப்ப ஒரு பக்கம் ரசம், மறுபக்கம் சீரியல்னு வெச்சிருக்காங்க. கோட்டை அவங்களேதான் நகர்த்தறாங்க. விளம்பரம் வந்தா ரசம் பெருசாகும். என் நிரல்ல இன்னும் ரெண்டு இடத்துல 320 உட்கார்ந்திருக்கு. ஞாயித்துக்கிழமை தூக்கணும்.