காத்திருப்பை முடிக்கும் உரிமை: வலைக் காலக்கெடுவும் குறுக்குவிசையும்

மேசைக்கணினிச் செயலி எழுதுகிறவர்களிடம் வந்து சேரும் புகார்களில் ‘டைம்அவுட் ஆகிறது’ என்பது ஒரு வகை, ‘ஷார்ட்கட் வேலை செய்யவில்லை’ என்பது இன்னொரு வகை. முதலாவது வலைத்தொடர்பைக் கவனிப்பவரிடம் போகும், இரண்டாவது இடைமுகம் எழுதியவரிடம். இக்கட்டுரை இரண்டையும் ஒரே வரலாறாகப் படிக்கிறது. பதில் வராத வேலையை எப்போது கைவிடுவது என்ற கேள்வியே இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. காலக்கெடு அதற்கு இயந்திரம் சொல்லும் விடை. எஸ்கேப், கன்ட்ரோல்-சி போன்ற விசைகள் மனிதர் சொல்லும் விடை. இவ்விரண்டும் ஒரே வரிசையில் நின்று ஒன்றையொன்று மறித்த இடங்களில்தான் பழுதுகளில் பல பிறந்தன என்பது என் வாதம்.

1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் இயக்கிய அலோஹாநெட், வானொலி வழியே தரவுப் பொட்டலங்களை அனுப்பியது. ஒப்புகை வரவில்லை என்றால், தற்செயலாகத் தேர்ந்த ஒரு நேரம் பொறுத்து மறுபடி அனுப்பும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதற்குப் பொதுவான சூத்திரம் ஒன்றை 1981 செப்டம்பரில் வெளியான, டிசிபி என்ற இணைய நெறிமுறையை வரையறுத்த ஆர்எஃப்சி 793 ஆவணம் முன்வைத்தது. பொட்டலம் போய்வரும் நேரத்தின் சராசரியை 1.3 முதல் 2 வரையான ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அதே ஆவணத்தில், பயனர் காலக்கெடு என்று தனியாக ஒன்றும் உண்டு. அதன் இயல்பளவு 5 நிமிடம். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் 5 நிமிடம் பொறுப்பாரா என்று அந்த ஆவணம் கேட்டுக்கொள்ளவில்லை.

சூத்திரத்திலும் ஓட்டை இருந்தது. நெரிசல் கூடும்போது போய்வரும் நேரத்தின் சராசரி மட்டும் கூடுவதில்லை, அதன் ஏற்ற இறக்கமும் பெருகும். பொட்டலம் உயிரோடு வழியில் இருக்கும்போதே அது தொலைந்துவிட்டதென்று முடிவுகட்டி, இன்னொரு படியை அனுப்பிவிடும் இயந்திரம். அந்தப் படி நெரிசலை இன்னும் ஏற்றும். இப்படி வலையே நொடித்துப்போகும் என்று ஜான் நேகிள் 1984 ஜனவரியில் ஆர்எஃப்சி 896இல் எச்சரித்தார். அதே ஆவணத்தில் அவர் கையிலெடுத்த இன்னொரு சிக்கல் விசைப்பலகையிலிருந்து வந்தது. தொலைவிலுள்ள கணினியில் ஒருவர் ஓர் எழுத்தை அடித்தால், அந்த ஒரு பைட்டுக்காக 40 பைட் தலைப்புச் சேர்ந்து, 41 பைட்டாகப் பயணம் போகும். 4000 விழுக்காடு மேற்சுமை! முந்தையதற்கு ஒப்புகை வரும்வரை சிறு துணுக்குகளைச் சேர்த்துவைத்து அனுப்பு என்பது அவர் கண்ட தீர்வு. நெரிசலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் ஒப்புகையைத் தாமதப்படுத்தி அனுப்பும் வழக்கமும் மறுமுனையில் சேர்ந்துகொண்டால், அடித்த எழுத்து திரையில் தெரியத் தயங்கும். இந்த இணைப்பால் வரும் 200 மில்லிநொடி அளவிலான விக்கலை இன்றும் செயலிகளில் பார்க்கலாம்.

நேகிள் எச்சரித்த நொடிப்பு 1986 அக்டோபரில் நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே 400 கஜ தூரம்தான். அந்த வழியில் நொடிக்கு 32 கிலோபிட் சென்றுகொண்டிருந்த தரவு 40 பிட்டாகச் சுருங்கியது. வான் ஜேக்கப்சன், மைக்கேல் கரெல்ஸ் இருவரின் ஆய்வு 1988இல் வெளிவந்தது. சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் அளந்து காலக்கெடுவைக் கணிப்பது அதன் பங்களிப்புகளில் ஒன்று. பழைய சூத்திரத்தில் பெருக்கும் எண் 2 என்றே வைத்தாலும், 30 விழுக்காடு சுமைக்கு மேல் அது தாங்காது என்று அவர்கள் காட்டினர். அதற்கு முந்தைய ஆண்டு ஃபில் கார்னும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் வேறொரு குழப்பத்தைத் தீர்த்திருந்தார்கள். மறுபடி அனுப்பிய பிறகு வரும் ஒப்புகை முதற்படிக்கா, இரண்டாம் படிக்கா என்று அறிய வழியில்லை. ஆகவே அத்தகைய அளவுகளைக் கணக்கில் சேர்க்காதே என்றார்கள். வேறுபடுத்த முடியாததை வைத்து முடிவெடுக்காதே என்ற அந்த எச்சரிக்கையைச் செயலி எழுதியவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அதைப் பின்னால் பார்க்கலாம்.

மனிதர் பக்கத்துக்கு வருவோம். கன்ட்ரோல்-சி, ஆஸ்கி அட்டவணையில் 3ஆம் எண். டிஇசி நிறுவனத்தின் டாப்ஸ்-10 இயங்குதளத்தில் அது ஓடும் நிரலை நிறுத்தும் விசை. யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அந்த வேலையைச் செய்தது டெலீட். கன்ட்ரோல்-சி பின்னர்தான் அங்கே நிலைத்தது. உள்ளூர் முனையத்தில் இதில் சிக்கல் அதிகமில்லை. வலை வழியே போகும்போது நிறுத்து என்ற கட்டளையும் மற்ற எழுத்துகளோடு வரிசையில் நின்றாக வேண்டும். மறுமுனை நிரல் சிக்கிக்கொண்டு எதையும் படிக்காமல் இருந்தால், அதை நிறுத்தச் சொல்லும் எழுத்தும் படிக்கப்படாமலே கிடக்கும். 1983 மே மாதத்து டெல்நெட் வரையறையான ஆர்எஃப்சி 854 இதை நேராகவே எதிர்கொண்டது. டிசிபியின் ‘அவசரம்’ என்ற குறிப்போடு ஓர் அடையாளத்தை அனுப்பினால், அந்த அடையாளம் வரும்வரை குவிந்திருக்கும் சாதாரணத் தரவையெல்லாம் மறுமுனை தள்ளிவிட்டு, நிறுத்தக் கட்டளையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். ஆம்புலன்சுக்கு வழிவிடுவதுபோன்ற இந்த ஏற்பாடு, மனிதரின் முடிவுக்கு வலையில் கிடைத்த முதல் தனிப்பாதைகளுள் ஒன்று.

சாளர இடைமுகம் வந்ததும் இந்தக் கவனம் சிதறியது. 1983இல் ஆப்பிள் லிசா வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி என்று விசைகளை அடுத்தடுத்து வைத்தது; மறுவருடம் மெக்கின்டாஷ் அதையே பரப்பியது. ஆப்பிள் கணினிகளில் இதற்கெனத் தனி விசை இருந்ததால் கன்ட்ரோல்-சியோடு மோதல் இல்லை. 1992இல் விண்டோஸ் 3.1 இதே எழுத்துகளைக் கன்ட்ரோல் விசையோடு சேர்த்தது. ஓடும் வேலையை நிறுத்திய விசை, சாளரத்தில் நகலெடுக்கும் விசையானது. நிறுத்தும் பொறுப்பு எஸ்கேப்புக்கு வந்தது. அதற்கு எந்தச் செயலியும் கட்டாயம் செவிசாய்க்க வேண்டும் என்ற விதி மட்டும் வரவில்லை.

விண்டோஸ் செயலிகள் வலையோடு பேச உதவிய இடைமுகமான, 1993 ஜனவரியின் வின்சாக் 1.1 இங்கேதான் முக்கியமாகிறது. 16 பிட் விண்டோஸில் ஒரு செயலி தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு. ஒரு செயலி வலைப் பதிலுக்காக உறைந்து நின்றால் கணினியே உறையும். எனவே வின்சாக், காத்திருக்கும் நேரத்தில் திரும்பத் திரும்ப ஒரு சிறு செயற்கூறை அழைத்து, வரிசையில் உள்ள செய்திகளை எடுத்துப் பட்டுவாடா செய்தது. அந்த இயல்புச் செயற்கூறு சில வரிகள்தான்: செய்தி இருக்கிறதா என்று எட்டிப்பார், விசையை எழுத்தாக மாற்று, உரிய சாளரத்துக்கு அனுப்பு. செயலியின் சொந்தச் செய்திச் சுழலில் இருக்கும், குறுக்குவிசைகளை அடையாளம் காணும் ‘டிரான்ஸ்லேட்ஆக்சிலரேட்டர்’ என்ற அழைப்பு இதில் இல்லை. விளைவு விசித்திரமானது. வலைக்காகக் காத்திருக்கும்போது சுட்டியால் மெனுவைத் திறந்து ‘நிறுத்து’ என்பதை அழுத்தினால் வேலை செய்யும், அதே மெனு வரியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறுக்குவிசையை அடித்தால் ஒன்றும் நடக்காது. வலைப் பழுது குறுக்குவிசைப் பழுதாக வேடமிட்டு வரும் இடத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. சொந்தச் செயற்கூறை அங்கே பொருத்த வின்சாக் இடம் கொடுத்தது. காத்திருக்கும் அழைப்பை இடையில் ரத்துசெய்யவும் ஒரு கட்டளை தந்தது. வின்சாக் 2 இரண்டையும் கைவிட்டது. பல இழைகள் ஒருசேர ஓடும் 32 பிட் விண்டோஸில் இனி இது வேண்டாம் என்பது எதிர்பார்ப்பு. வலை வேலைக்குத் தனி இழை போட எல்லோரும் மெனக்கெடவில்லை என்பதுதான் நடந்த கதை.

அப்படிப் போடாத செயலியில் என்ன ஆகும்? இடைமுக இழையே சர்வருக்காகக் காத்திருக்கிறது. 5 நொடி செய்திகளை எடுக்காத சாளரத்தை விண்டோஸ் ‘பதிலளிக்கவில்லை’ என்று அறிவிக்கிறது. விண்டோஸின் பல பதிப்புகளில் இணைப்பு முயற்சி 3, 6, 12 நொடி என்று காத்து, 21ஆவது நொடியில் கைவிடும். ஆக, வலை கைவிடுவதற்கு 16 நொடி முன்பே சாளரம் செத்ததாக அறிவிக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் அடித்த எஸ்கேப் எல்லாம் வரிசையில் குவிந்துகொண்டிருக்கும்.

பழுது தேடுகிறவருக்கு இந்த எண்களே துப்பு. தோல்வி உடனே வந்தால் மறுமுனை மறுத்திருக்கிறது, பெரும்பாலும் அங்கே சர்வர் நிரல் ஓடவில்லை என்று பொருள். 21 நொடியில் வந்தால் விண்டோஸ் கைவிட்டிருக்கிறது. பெரும்பாலும் இடையில் ஒரு தீச்சுவர் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கும். லினக்ஸில் நெடுங்காலம் இந்த எண் 127, அதாவது 1, 2, 4 என்று இரட்டித்து 64 வரை கூட்டிய தொகை. சரியாக 100 நொடி என்றால் டாட்நெட் தளத்தின் எச்டிடிபிகிளையண்ட் என்ற வலைக்கூறு தன் இயல்புக் கெடுவை எட்டியிருக்கிறது. இதைப் பார்க்காமல் காலக்கெடுவை 300 நொடியாக உயர்த்துவதுதான் அலுவலகங்களில் வழக்கம். அது பழுதைத் தீர்க்காது, கூடுதல் நேரம் ஒளித்துவைக்கும்.

2012இல் சி ஷார்ப் மொழி, இடைமுக இழையை மறிக்காமல் காத்திருக்கும் வசதியைப் பெற்றது. 2010இலேயே டாட்நெட் 4 ரத்து அடையாளம் ஒன்றைத் தந்திருந்தது. எஸ்கேப்பை அந்த அடையாளத்தோடு இணைத்துவிட்டால் டெல்நெட்டின் தனிப்பாதை மீண்டும் கிடைத்ததுபோல்தான். ஆனால் கார்னும் பார்ட்ரிட்ஜும் எச்சரித்த அதே இடத்தில் எச்டிடிபிகிளையண்ட் கோட்டைவிட்டது. 100 நொடி ஓடிப்போனாலும், பயனர் எஸ்கேப் அடித்தாலும், நிரலுக்கு வரும் பிழை ஒன்றே: வேலை ரத்தானது. பயனர் வேண்டுமென்றே நிறுத்தியதற்குச் சில செயலிகள் ‘வலைப் பிழை’ என்று பெட்டி காட்டின. சில செயலிகள் உண்மையான வலைப் பிழையைப் பயனரின் விருப்பமென்று எண்ணி வாய்மூடி இருந்தன. 2020இல் டாட்நெட் 5 அந்தப் பிழைக்குள், காலக்கெடு முடிந்திருந்தால் மட்டும், காலக்கெடுப் பிழை ஒன்றையும் வைத்து அனுப்பத் தொடங்கியது.