ஓலையும் இலையும்

தென்னை ஓலை என்கிறோம். தென்னை இலை என்று யாரும் சொல்வதில்லை. வேம்புக்கோ இலைதான். இந்த வித்தியாசம் தொல்காப்பியம் மரபியலிலேயே இருக்கிறது. வைரம் வெளிப்பக்கம் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். ஓலை, மடல், பாளை, குலை எல்லாம் புல்லுக்கு. இலை, தளிர், அரும்பு எல்லாம் மரத்துக்கு. அந்தக் கணக்கில் நெடிய பனையும் புல்தான்! (வாழைக்கு மட்டும் இலை என்கிறோமே என்று கேட்பீர்கள். பேச்சு வழக்கு இலக்கணத்துக்கு முழுக்க அடங்காது.)

ஐரோப்பாவில் இந்தப் பிரிவைத் தெளிவாக எழுதியவர் ஜான் ரே. இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகன். சட்டம் கேட்ட உறுதிமொழியைத் தர மறுத்து 1662-ல் கேம்பிரிட்ஜ் வேலையை இழந்தவர். 1682-ல் வெளியிட்ட நூலில், விதை முளைக்கும்போது வருவது ஒரு இலையா, இரண்டு இலையா என்று பார்த்துப் பிரித்தார். பள்ளியில் நாம் படித்த ஒருவித்திலை, இருவித்திலை அதுதான்.

ரே சொன்னதை நம்மவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள் என்று மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. தொல்காப்பியம் பார்த்தது தண்டை, ரே பார்த்தது விதையை. கத்தரிச் செடியில் வைரத்தை எங்கே தேடுவது? ஆனாலும் இரண்டு வழியும் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. இருவித்திலை மரத்தின் பட்டைக்கு அடியில் வளரும் படலம் ஒன்று இருக்கிறது. அது உள்பக்கம் புதுக் கட்டையைச் சேர்த்துக்கொண்டே போக, நடுவிலுள்ள பழைய கட்டை வைரம் பாய்கிறது. வேம்பில் விழுந்த வெட்டு நாளடைவில் மூடிக்கொள்வதும் அந்தப் படலத்தால்தான். தென்னையில் ஏறுவதற்கு வெட்டிய படி கடைசிவரை அப்படியே நிற்கும். ஒட்டு மாங்கன்று கிடைக்கிறது, ஒட்டுத் தென்னங்கன்று கிடையாது.

1998-ல் மரபணுவை வைத்து அட்டவணையைத் திருத்தினார்கள். மகரந்தத்தில் மூன்று பள்ளம் உள்ளவையே அசல் இருவித்திலை என்றாகி, மிளகும் வெற்றிலையும் சீத்தாவும் தனிக் கூட்டத்துக்குப் போய்விட்டன.

அட்டவணை எப்படி மாறினாலும் வயலில் நடப்பது மாறவில்லை. நெல் ஒருவித்திலை, மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும் பயிர். கொழுஞ்சியும் சணப்பும் இருவித்திலை. வேர் முடிச்சில் தங்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அவற்றுக்குத் தருகிறது. அதனால்தான் நடவுக்கு முன் அவற்றை மடக்கி உழுதார்கள். யூரியா மூட்டை வந்த பிறகு பல ஊர்களில் அந்த வழக்கம் நின்றுபோனது. இப்போது கொழுஞ்சி விதை கேட்டால் கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசிக்கிறார்.